இரும்பு முளை வைத்த பூட்ஸ்

நோன்பு பதினோராம் நாள் அந்தக் கால்பந்து பூட்ஸ் எங்கள் கட்டடத்துக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய துணி மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுகிற மூலையில், குவியலுக்குள் தோள்வரை கையை விட்டுக் கீழ்வீட்டுக் கிஸ்லான் அதைத் தேடி எடுத்திருக்கிறாள். கறுப்புத் தோல், பச்சை நாடா. ஒரு கீறல் கிடையாது. அடியில் ஆறு இரும்பு முளை, ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நுனி நீளத்துக்கு. நாடாவை முடிச்சுப் போட்டு மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். துணி காயப்போடப் போன நான் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்து நின்றேன்.

"எப்படி இருக்கு தூரியாக்கா?" கிஸ்லான் பின்னால் வந்து நின்றாள். பதினெட்டு வயது. குதிகால் தரையில் படாமல் நடக்கிற பிள்ளை. "எவளோ பணக்காரி ரெண்டே ரெண்டு தடவ போட்டிருப்பா. மோந்து பாரு, தோல் வாசனைகூடப் போகல."

"இது சேத்துல ஆடுறதுக்குச் செஞ்சதுடி."

"இருக்கட்டுமே. நான் இறங்கினா தானா சேறாகும்."

"விளையாட்டில்ல. முளை மண்ணுல இறங்கினா மண்ணு பிஞ்சு விட்டுக்குடுக்கும். உங்க மைதானத்துல மண்ணா கிடக்கு? பச்சை பிளாஸ்டிக் புல் விரிப்பு. அதுல மாட்டுச்சுன்னா பாதம் அங்கேயே நிக்கும், நீ மட்டும் திரும்புவ. நடுவுல மாட்டிக்கிறது முட்டி."

"நோன்பும் அதுவுமா வாயக் கழுவுக்கா."

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா ரஹ்மா மாமி படியேறி வந்துவிட்டாள். முட்டி என்ற சொல் காதில் விழுந்திருக்க வேண்டும். தக்காளிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் தொங்கியதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

அந்த வீட்டில் முட்டி என்று யாரும் சொல்வதில்லை. "அந்த இடம்" என்பார்கள். அதற்குக் காரணம் ஹஸ்னா, கிஸ்லானின் அக்கா. நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் துறைமுக ஊரான சாஃபியில் ஹஸ்னாவைப் போல் பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடுகிற பெண் கிடையாது. ஒருநாள் யாரும் இடிக்கவில்லை, யாரும் தொடவில்லை, தானாகத் திரும்பினாள், விழுந்தாள். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. அப்போது நான் காஸாப்ளாங்காவில் பிசியோதெரபி இரண்டாம் வருடம். பெருநாள் விடுமுறைக்கு வந்திருந்தேன். எங்கள் சந்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எலும்பு கட்டுகிற வைத்தியரை வாசலோடு அனுப்பிவிட்டு, படித்த பிள்ளை பார்க்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தேன். வீக்கத்தில் எதுவும் பிடிபடவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சுளுக்குதான். மூணு வாரம் இருந்துட்டு ஆடலாம்" என்றேன்.

ஹஸ்னா மூன்று வாரம் ஒருநாள் குறையாமல் இருந்தாள். பிறகு இறங்கினாள். அறுந்துபோன ஜவ்வோடு ஓடிய முட்டி இரண்டாம் முறை மடங்கியபோது உள்ளே இருந்த மெத்தையும் கிழிந்து நசுங்கியது. இப்போது மீனை டப்பாவில் அடைக்கிற ஆலையில் மீன் தலை அரிகிறாள். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறாள். இருபத்தினாலு வயதில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறாள்.

என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் கிஸ்லானின் காலை நான் பார்க்கத் தொடங்கினேன். முழுதாகப் படித்து முடித்து, ஊருக்குத் திரும்பி, மேட்டுத்தெரு சிகிச்சைக் கூடத்தில் நாளெல்லாம் பணக்காரக் கிழவர்களின் தோளை உருட்டிவிட்டு வந்து, சாயங்காலம் அவள் நடக்கிறதைப் பார்ப்பேன், குதிக்கிறதைப் பார்ப்பேன். கூடப் பிறந்தவளுக்கு ஜவ்வு போயிருந்தால் இவளுக்கும் போக வாய்ப்பு அதிகம். பெண் பிள்ளைகளுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பாதிக்கு மேல் ஆள் மேல் ஆள் மோதிப் போவதில்லை, தன் பாட்டுக்குத் திரும்பும்போதும் தரையில் இறங்கும்போதும்தான் போகிறது. குதித்து இறங்கும்போது கிஸ்லானின் முட்டி இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்தன. தொடையின் பின்சதை பலமே இல்லை. இத்தனையும் போதாதென்று காலையெல்லாம் அம்மாவுக்கு ஒத்தாசையாக ஆலையில் ஈரத்தில் நின்றுவிட்டு, நோன்போடு, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓடுகிறாள். இப்போது இந்த பூட்ஸ்.

ஏன் இந்த நோன்பில் என்று கேட்கலாம். எங்கள் ஊரில் நோன்பு மாதம்தான் பந்து மாதம். தெருவுக்குத் தெரு அணி. நோன்பு திறக்கிற பாங்குக்கு முன்னால் முடிகிற மாதிரி ஆட்டம், பசி தெரியாமல் பொழுது போகும். பெண் பிள்ளைகளுக்கும் மூன்று வருடமாக நடக்கிறது. இந்த வருடம் இறுதி ஆட்டத்தைப் பார்க்க தலைநகர் ரபாத்தில் இருந்து, ஒரு பெரிய கிளப்புக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற ஒரு அம்மா வருவதாகச் சேதி. எடுத்துக்கொண்டால் தங்குமிடம், படிப்பு, சாப்பாடு, சம்பளம். மத்தி மீன் நாற்றத்திலிருந்து தப்பிக்க ஒரு கதவு திறக்கிறது. அதன் வழியாக ஓடிப் போகத் தேவை இரண்டு நல்ல முட்டி.

மறுநாள் மைதானத்துக்குப் போனேன். பயிற்சியாளர் ஜிலாலி பகலில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். நகத்துக்கடியில் எப்போதும் கிரீஸ். ஒரு சல்லி வாங்காமல் பெண்களுக்குப் பந்து சொல்லித் தருகிறார், அதை மறுக்க மாட்டேன். சுவர் மேல் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏ, ஹரீரா கஞ்சி கொதிச்சு வழியுதாம், உங்கம்மா கூப்பிடுறாங்க!" என்று ஒருத்தன் கத்தினான்.

"உனக்குத்தாண்டா பசி, சுவத்த நக்கு!" என்று ஒரு குரல் திருப்பிக் கொடுத்தது. வியாம். பதினாறு வயது, அணியில் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரி. அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அம்மா பஸ் நிலையத்தில் ரொட்டி சுட்டு விற்கிறாள். வியாமின் பழைய பூட்ஸ் முன்னால் வாய் பிளந்து, பார்சல் ஒட்டுகிற டேப் சுற்றிக் கிடந்தது. நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். "நான் வர்றது எதிரிக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது, அதான் பயந்து ஓடுறாளுங்க" என்பாள்.

ஜிலாலியிடம் சொன்னேன். "கால் மணி நேரம் குடுங்க. ஆட்டத்துக்கு முன்னாடி பிள்ளைங்களுக்குச் சில பயிற்சி. குதிச்சு இறங்குறது, ஒத்தக்கால்ல நிக்கிறது, பின்தொடைக்கு ஒண்ணு. செஞ்சா முட்டி போறது பாதியாக் குறையும்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, களைத்த சிரிப்பு. "தாயி, பையனுங்க மூணு மணி நேரம் எடுத்துக்கிட்டு மிச்சம் மீதி ஒரு மணி நேரம் நமக்குத் தர்றானுங்க. அதுல கால் மணி நேரம் தவளை மாதிரி குதிச்சா, பந்து எப்ப உதைக்கிறது?"

"ஹஸ்னாவ மறந்துட்டீங்களா?"

"அது விதி."

"விதி இல்ல. வீதியில போறவனுக்கா ஜவ்வு அறுந்துச்சு? காரணம் இருக்கு. அதத்தான் நாலு வருஷம் படிச்சிருக்கேன்."

"படிச்சவ நீதானே அன்னைக்குச் சுளுக்குன்னு சொன்ன?"

வேண்டுமென்று குத்தவில்லை அவர். அப்படியே வாயில் வந்ததைச் சொன்னார். நான் மைதானத்தை விட்டு வெளியே வந்தேன். காது இரண்டும் சுட்டது. இருபது பிள்ளைகளும் எக்கேடோ கெடட்டும், ஒருத்தியைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு. அப்போது அது நல்ல முடிவாகத் தெரிந்தது.

மொட்டைமாடியில் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கிஸ்லானை ஏறிக் குதிக்கச் சொன்னேன். "முட்டி ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துப் பேசக் கூடாது. ரெண்டும் கால்விரலப் பாக்கணும். மடக்கி இறங்கு. சத்தம் வரக் கூடாது, பூனை மாதிரி."

'தொப்'பென்று ஒவ்வொரு முறை அவள் இறங்கும்போதும் கீழ்வீட்டிலிருந்து ரஹ்மா மாமியின் குரல் வரும். "யா அல்லாஹ்! யாரு விழுந்தா?"

"யாரும் விழலம்மா, குதிக்கிறேன்!"

"குதிக்காத!"

"குதிக்கத்தான் சொல்லித் தர்றா!"

மாமிக்கு அது விளங்கவேயில்லை. முட்டியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சும்மா உட்கார வேண்டும், இதென்ன வம்பை விலைக்கு வாங்குவது? விடிவதற்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப வரும்போதெல்லாம் போர்வையை விலக்கி மகளின் முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுப்புகிறாளாம். கிஸ்லான் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயிற்சி தொடங்கிய நான்காம் நாள் வியாம் கிஸ்லானைக் கூப்பிட வந்தாள். பெட்டியைப் பார்த்ததும், "நானும்!" என்று ஏறிக் குதித்தாள். இறங்கியபோது அவள் முட்டி இரண்டும் இடித்துக்கொண்டன. கிஸ்லானைவிட மோசம். இத்தனை வளைந்த இறக்கத்தை நான் புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"முட்டிய விலக்குடி" என்றேன்.

"என் முட்டி ரெண்டும் அக்கா தங்கச்சி. பிரிச்சா அழும்" என்று சொல்லிக் கிஸ்லானை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நாளைக்கும் வா, உனக்கும் சொல்லித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. களைப்பாக இருந்தது. நோன்பு வேறு.

பூட்ஸ் சண்டை பதினாறாம் நாள். கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கிறவளின் தங்கையிடமிருந்து, அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வைத்த பழைய பூட்ஸ் ஒன்று வாங்கி வந்திருந்தேன். செயற்கைப் புல்லுக்கு அதுதான். கிஸ்லான் அதைக் காலால் தள்ளினாள்.

"இதப் போட்டுக்கிட்டு நான் தேர்வாளர் முன்னாடி நிக்கணுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருக்கு."

"நொண்டி மாதிரி இருக்கிறதுக்கு இது தேவலை."

சொல்லிய பிறகுதான் அடுப்பங்கரை வாசலில் ஹஸ்னா நிற்பதைப் பார்த்தேன். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் தங்கையிடம் சொன்னாள். "அவ சொல்றதப் போடு." திரும்பி உள்ளே போய்விட்டாள். ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பக்கம் நிமிர்ந்து.

கிஸ்லான் அழுதுகொண்டே ரப்பர் குமிழ் பூட்ஸை எடுத்துக்கொண்டாள். நான் ரஹ்மா மாமியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மாமி, அந்த இரும்பு முளை இந்த வீட்டுல இருக்கக் கூடாது. இருந்தா கடைசி நேரத்துல அதத்தான் மாட்டிக்கிட்டு ஓடுவா."

"புதுசு மாதிரி இருக்கே மகளே. அத எப்படித் தூக்கி வீச? அதுவும் இந்த மாசத்துல?"

"என்னமோ பண்ணுங்க. என் கண்ணுல படக் கூடாது, இவ கால்ல ஏறக் கூடாது. அவ்வளவுதான்."

"சரி. நான் பாத்துக்கிறேன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. எங்கே போகும், யார் காலுக்குப் போகும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பழைய குடையைக்கூட யாரும் குப்பையில் போட்டதில்லை என்று எனக்குத் தெரியாதா?

இருபத்திமூன்றாம் நோன்பு, இறுதி ஆட்டம். அதிகாலைத் தொழுகை முடிந்து ஒருமணி நேரம்கூட ஆகவில்லை, ஆலை வண்டியின் ஹாரன் சந்துக்குள் அலறியது. படகெல்லாம் மத்தியோடு வந்துவிட்டது, எல்லாரும் வாங்க. மீன் காத்திருக்காது. வராதவளுக்கு மறுநாள் மேஜையில் இடமும் இருக்காது. ரஹ்மா மாமிக்கு விரலில் மீன்முள் குத்திச் சீழ் வைத்திருந்ததால், ஒரு வாரமாக அவள் இடத்தில் கிஸ்லான்தான் போய்க்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய்ப் படியிறங்கி ஓடினேன். எட்டு மணி நேரம் ஈரத்தில் நின்று வந்தால் கால் மரக்கட்டை. களைத்த கால்தான் தப்பாக இறங்கும்.

வாசலில் ஹஸ்னா வெள்ளை ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ ராத்திரி ஷிப்ட் இல்லையா? இப்பத்தானே வந்த?"

"வந்தா என்ன? திரும்பப் போறேன். மேஸ்திரிக்குத் தலை எண்ணிக்கைதான் கணக்கு, எவ தலைன்னு பாக்க மாட்டான்."

"உன் கால்..."

"என் கால் ஏற்கெனவே போன கால்தானே. அதுக்கென்ன இனிமே." முக்காட்டை இழுத்து முடிந்தாள். இடுப்புத் துணியில் மீன் தலை அரிகிற குட்டைக் கத்தியைச் செருகினாள். "நீ அவ கூடவே இரு தூரியா. கண்ண எடுக்காத."

கண்ணை எடுக்கவில்லை நான். அதுதான் நான் செய்தது.

மதியம் அடுப்பங்கரையில் இன்னொரு கூத்து. கிஸ்லானுக்கு முந்தின நாள் மாதவிலக்கு. நோன்பு அவளுக்கு இல்லை. ஆனாலும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"யாராச்சும் பாத்தா?"

"உன் வீட்டு அடுப்பங்கரையில எவன் வந்து பாக்கப் போறான்?"

"வாய் காய்ஞ்சு இல்லன்னா மைதானத்துல பையனுங்க கண்டுபிடிச்சிடுவானுங்கக்கா. போன வருஷம் ஒருத்தி உதடு ஈரமா இருந்ததுக்கு, 'இன்னைக்கு லீவா?'ன்னு ஆட்டம் முழுக்கக் கத்தினானுங்க."

ரஹ்மா மாமி கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றாள். "குடிச்சிட்டு உப்ப உதட்டுல தடவிக்க. காய்ஞ்ச மாதிரிதான் இருக்கும். நாங்கல்லாம் இருபது வருஷம் ஆலையில அப்படித்தான் சமாளிச்சோம்." மூன்று பேரும் சிரித்தோம். அந்த மாதம் அந்த வீட்டில் நான் சிரித்த ஒரே சிரிப்பு. கிஸ்லான் இரண்டு அவித்த முட்டை, ரொட்டி, அரைப் படி தண்ணீர், எல்லாவற்றையும் உள்ளே தள்ளினாள். கால்மணி நேரம் மொட்டைமாடியில் பயிற்சி செய்ய வைத்தேன். முட்டி கால்விரலைப் பார்த்தது. சத்தமில்லை. நாங்கள் கிளம்பினோம்.

கடலிலிருந்து காற்று வீசவில்லை. மீன்மாவு ஆலையின் புகை மைதானத்து மேல் மூடி மாதிரி கிடந்தது. பச்சை விரிப்பு வெயிலைக் குடித்துக் காலில் ஒட்டியது. ரபாத்திலிருந்து வந்த அம்மா நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் தாளோடு உட்கார்ந்திருந்தாள். சுவர் முழுக்கப் பையன்கள். ரஹ்மா மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சீழ் வைத்த விரல் என் உள்ளங்கையில் சூடாகத் துடித்தது.

ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. யார் கோல் போட்டார்கள் என்றுகூட மறுநாள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் பார்த்தது இரண்டு முட்டி. கிஸ்லான் ஓடினாள். திரும்பினாள், மாமியின் நகம் என் கையில் இறங்கியது. எழும்பிப் பந்தைத் தலையால் முட்டினாள், ஒரு நொடி அந்தரத்தில் நின்றாள். இறங்கினாள். மடக்கி, அகட்டி, பூனை மாதிரி.

"இன்னும் எவ்வளவு நேரம்?" மாமி கேட்டாள்.

"இருபது நிமிஷம்."

"இப்ப?"

"இப்பத்தானே கேட்டீங்க மாமி. பத்தொம்பது."

பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஹஸ்னா வந்தாள். உடை மாற்றவில்லை. வெள்ளை ரப்பர் காலணி, செதில் ஒட்டிய முக்காடு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. என் பக்கத்தில் நின்று, "நல்லா இருக்காளா?" என்றாள். "நல்லா இருக்கா" என்றேன். ஹஸ்னா மைதானத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தாள். பார்த்தவள் என் தோளைப் பிடித்தாள்.

"அந்தப் பச்சை நாடா யாரு கால்ல இருக்கு?"

எனக்கு எதிர்ப்பக்கம், வலது ஓரத்தில், வியாம் ஓடிக்கொண்டிருந்தாள். டேப் சத்தம் இல்லை. கறுப்புத் தோல் பளபளத்தது. இதுவரை ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் ரஹ்மா மாமி. "அப்பன் இல்லாத பிள்ளை. அவ அம்மா கையில குடுத்தேன். தர்மத்த வெளிய சொல்லக் கூடாதேன்னு... இறுதி ஆட்டத்துல போடுறதுக்குப் பத்திரமா வச்சிருந்தா போல. ஏன், ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க?"

நான் கத்தினேன். ஜிலாலி பெயரைச் சொல்லிக் கத்தினேனா, வியாம் பெயரைச் சொல்லியா, நினைவில்லை. பந்து வியாமின் பின்பக்கம் போனது. அவள் வலதுகாலை ஊன்றி, உடம்பைத் திருப்பினாள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை, பத்தடிக்கு வெறும் புல். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை.

சுவரிலிருந்த பையன்கள்வரை அந்தச் சத்தம் கேட்டது.

ஓடிப் போய் மண்டியிட்டேன். வியாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. அவளுக்கு உண்மையான நோன்பு.

"யாரும் தள்ளலக்கா. நானாத்தான் திரும்பினேன். உள்ள டப்புன்னுச்சு. இப்ப அவ்வளவா வலிகூட இல்ல."

"கையை எடு. தளர விடு. என்னையே பாரு."

வீங்குவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். இந்த முறை எனக்குத் தெரியும். ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் முன்கால் எலும்பை என் பக்கம் இழுத்தேன். முதலில் நல்ல கால். கொஞ்சம் வந்து, இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நின்றது. பிறகு அந்தக் கால். இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. நிறுத்துகிறதுக்கு உள்ளே எதுவும் இல்லை.

கிஸ்லான் நின்று அழுதுகொண்டிருந்தாள். "உடை மாத்தும்போதே பாத்தேன். அவ்வளவு சந்தோஷமா இருந்தாக்கா. எப்படிச் சொல்வேன்? பொறாமைல சொல்றேன்னு நினைப்பா."

ரபாத்து அம்மா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கிஸ்லானின் பெயர் அதில் எழுதியிருந்ததை இரண்டு வாரம் கழித்து வந்த கடிதத்தில்தான் தெரிந்துகொண்டோம். அந்த நிமிடத்தில் யாரும் அந்தத் தாளைப் பார்க்கவில்லை.

"சுளுக்குதானேக்கா?" வியாம் என் சட்டையைப் பிடித்தாள். "மூணு வாரத்துல சரியாயிடும்ல?"

ஹஸ்னா அவள் தலைமாட்டில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக, நேராக.

நோன்பு திறக்கும் சங்கு ஊதியது. துறைமுகத்திலிருந்து ஆரம்பித்து ஊர் முழுக்க. சுவரிலிருந்த பையன்கள் தொப் தொப்பென்று குதித்துக் கலைந்தார்கள். யாரோ பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார்கள். வியாம் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் போடாமல் என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இல்ல" என்றேன். "சுளுக்கு இல்ல வியாம். ஜவ்வு அறுந்துருச்சு. ஆபரேஷன் பண்ணணும். ஒரு வருஷம் ஆடக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் இந்தக் கால ஊன்றி நீ திரும்பவே கூடாது."

அவள் தலையை ஆட்டினாள். பழத்தை வாயில் போட்டு மென்றாள். அழவில்லை. "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

ரஹ்மா மாமி அவள் காலடியில் உட்கார்ந்து பச்சை நாடாவை அவிழ்க்கப் பார்த்தாள். சீழ் வைத்த விரலால் இழுக்க இழுக்க முடிச்சு இன்னும் இறுகியது. ஜிலாலிதான் குனிந்து அவிழ்த்து, கால் அசையாமல் மெதுவாக இரண்டு பூட்ஸையும் கழற்றினார். முளையில் ஒட்டியிருந்த பச்சை நாரைத் தட்டிவிட்டார். நாடாவை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நல்ல சாமான். வீணாக்கக் கூடாது. வேற யாராச்சும் பிள்ளைக்கு ஆகும்."

ஹஸ்னா கையை நீட்டி அதை அவர் தோளிலிருந்து உருவினாள். விரிப்பின் மேல் அவளால் மடங்கி உட்கார முடியாது, நின்றபடியே இடுப்பிலிருந்து மீன் கத்தியை எடுத்தாள். முதலில் நாடாவை அரிந்தாள். பிறகு பூட்ஸின் வாய்க்குள் கத்தியை நுழைத்து, மத்தியின் தலையை அரிகிற அதே வாகில், தோலைக் குதிகாலிலிருந்து நுனிவரை இழுத்தாள்.

"பாவம்டி, இந்த மாசத்துல..." என்றாள் ரஹ்மா மாமி.

ஹஸ்னா இரண்டாவதை எடுத்தாள்.

முட்டிக்கு அழாத வியாம் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். "அறுக்காதக்கா, அது என்னோடது" என்று அந்த பூட்ஸுக்காக அழுதாள்.